முகவீணை வாசித்தவர் பேர் யாருக்காவது தெரியுமா? (நம் பக்கத்தில் இன்னும் பெரிதாக அறியப்பட வேண்டிய இசைக்காரர்கள்)

பாலாற்றுமணல் | ஞாயிறு, காலை 10.15

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கண்ணமங்கலம் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊரில் பாரதக் கூத்து, நேற்று கர்ண மோட்சம். மாமனார் ஊர் என்பதால் போனேன். பன்னிரண்டு மணிக்குப் படுத்துவிடலாம் என்றுதான் எண்ணம். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசிக்கொள்கிற இடம் வந்தபோது மணி இரண்டரை இருக்கும். கர்ணன் பாடி நிறுத்தினார். அவர் விட்ட அதே இடத்திலிருந்து முகவீணை, அந்தச் சின்ன நாகஸ்வரம் மாதிரியான ஊதுகிற வாத்தியம், எடுத்துக்கொண்டது. மத்தளம் அடங்கிவிட்டது, ஆர்மோனியம் சுருதி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம் இருக்குமோ என்னவோ. முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

விடிந்ததும் டீக்கடையில் விசாரித்தேன். "அவரா, செய்யாறு பக்கத்து ஆளு" என்றார் ஒருவர். "இல்லப்பா, வந்தவாசி" என்றார் இன்னொருவர். பேர் ஒருவருக்கும் தெரியவில்லை. கர்ணன் கட்டினவர் பேர் தெரிகிறது, வாத்தியார் பேர் தெரிகிறது. சரி என்று திருவிழா நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். தர்மகர்த்தா, உபயதாரர்கள், பந்தல், சீரியல் லைட், மைக் செட் என்று நாற்பது பேருக்கு மேல் அச்சாகியிருக்கிறது, பாதிப் பேர் படத்தோடு. வாசித்த ஐந்து பேரில் ஒருவர் பேரும் இல்லை.

அதனால் இந்த இழை. பழைய வட ஆற்காடு முழுவதையும் நம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பெரிய பேர் வாங்கியிருக்க வேண்டியவர், வாங்காதவர் என்று நீங்கள் யாரைச் சொல்வீர்கள்? நேற்று வாசித்தவரைத் தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கோட்டைமதில் | ஞாயிறு, பகல் 12.40

என் ஓட்டு வாணி ஜெயராமுக்கு. 1945 நவம்பர் 30ஆம் தேதி இதே வேலூரில் பிறந்தவர், இயற்பெயர் கலைவாணி. போன வாரம் எங்கள் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன், இரண்டு பேருக்குத்தான் அவர் வேலூர்க்காரர் என்று தெரிந்திருந்தது. அந்த இரண்டு பேரும் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

நேர்கோடு | ஞாயிறு, பகல் 1.05

கோட்டைமதில், வாணி ஜெயராமை இந்தப் பட்டியலில் எப்படிச் சேர்க்கிறீர்கள்? தேசிய விருது மட்டும் மூன்று. 1971இல் இந்தியில் பாடிய முதல் படத்திலேயே நாடு முழுக்கத் தெரிந்தவர். 2023இல் பத்மபூஷண் அறிவித்தார்கள். அவருக்குப் புகழ் இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

கோட்டைமதில் | ஞாயிறு, பகல் 2.30

விருதும் புகழும் ஒன்றில்லை, நேர்கோடு. அந்த மூன்று தேசிய விருதில் தமிழ்ப் படத்துக்குக் கிடைத்தது ஒன்றுதான், 1975இல் வந்த அபூர்வ ராகங்கள். மற்ற இரண்டும் தெலுங்குப் படங்களுக்கு. அறிவித்த பத்மபூஷணைக் கையில் வாங்கக்கூட அவர் இல்லை, அடுத்த மாதம் 4ஆம் தேதியே போய்விட்டார்.

நான் சொல்வது வேறு. எழுபதுகளில் தமிழில் சுசீலா அம்மாவும் ஜானகி அம்மாவும் இருந்த நேரத்தில் வந்தவர் இவர். கர்நாடக சங்கீதம் கற்றவர், பம்பாய் போய் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானியும் கற்றவர். அதனால் இசையமைப்பாளர்கள் கடினமான மெட்டு வந்தால் இவரைக் கூப்பிட்டார்கள். எளிமையான டூயட், திருவிழாவில் போடுகிற பாட்டு, அதெல்லாம் மற்றவர்களுக்குப் போனது. "கஷ்டமான பாட்டா, வாணியம்மாவைக் கூப்பிடு" என்பது பெருமைதான். ஆனால் ஒரு பாடகியின் பேர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்வது சுலபமான பாட்டுகளால்தான். அந்தப் பங்கு இவருக்குக் குறைந்துவிட்டது. ஒரு வார்த்தைகூடத் தேயாமல், ஒரு சங்கதிகூட வழுக்காமல் பாடின குரல் அது. இன்றைக்கு எங்கள் ஊர்ப் பாட்டுப் போட்டிகளுக்கு வரும் பிள்ளைகள் அவர் பாட்டை எடுப்பதில்லை. கேட்டால் "அது ரிஸ்க் சார்" என்கிறார்கள்.

தம்புராச்சுருதி | ஞாயிறு, மாலை 6.20

நான் ராணிப்பேட்டையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறேன். கோட்டைமதில் அண்ணா சொன்னது சரி. என் வகுப்பிலும் அவர் பாட்டைப் பிள்ளைகள் தாமாகக் கேட்பதில்லை, நான் சொல்லிக் கொடுத்தால் விடுவதில்லை.

நான் சேர்க்க நினைப்பது ரொம்பப் பழைய ஒருவரை. வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர், 1781இல் பிறந்தவர், 1874 வரை வாழ்ந்தவர். சௌராஷ்டிரர். தஞ்சாவூர்ப் பக்கம் அய்யம்பேட்டையில் இருந்தபோது தியாகராஜரிடம் நேரடியாகக் கற்று, பிற்பாடு வாலாஜாவில் குடியேறினார். தியாகராஜர் பாடப் பாட எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் இவர். இவரும் இவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதி வைத்த சுவடிகளைத்தான் "வாலாஜாபேட்டைச் சுவடிகள்" என்கிறோம். மதுரையில் சௌராஷ்டிர சபையில் காப்பாற்றி வைத்தார்கள். தியாகராஜர் கீர்த்தனைகள் எப்படிப் பாடப்பட்டன என்று தேடுகிற யாரும் அங்கே போகாமல் முடியாது. உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று சீடர் வழிகள் சொல்வார்கள், அதில் ஒரு வழி முழுக்க நம் ஊர்ப் பேரில் இருக்கிறது. மைசூர் சதாசிவ ராவ் இவருடைய சீடர்.

தன் பாட்டையும் எழுதினார், ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி குருவின் பாட்டைக் காப்பாற்றுவதில் போனது. வாலாஜாவில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். சுற்றி நிற்கிறவர்களிடம் சொல்ல வேண்டும் போல இருக்கும்.

பழையஜில்லா | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். பழைய வட ஆற்காடு என்று பாலாற்றுமணல் தம்பி சொன்னதால் வந்தேன். 1989இல் வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனியாக்கினார்கள். 2019இல் வேலூரை மறுபடி மூன்றாக்கி ராணிப்பேட்டை, திருப்பத்தூர். எங்கள் தாத்தா காலத்தில் சித்தூரும் இதே ஜில்லாதான், 1911இல்தான் தனி ஜில்லா ஆனது. தலைநகரமே சித்தூர்தான் அப்போது.

அந்தக் கணக்கில் 1898இல் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை நம்மவர். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர். லயம் என்றால் அவரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவரைச் சொல்வார்கள். 1954இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம். மதுரை சோமு அவரிடம் படித்தவர். சோமுவைத் தமிழ்நாட்டில் டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும், அவர் குருவை சங்கீதம் கற்றவர்களில்கூடச் சிலருக்குத்தான் தெரியும்.

அப்புறம் எம்.பி. சீனிவாசன். சித்தூரில் பிறந்தவர், 1925இல். அப்போது ஜில்லா பிரிந்துவிட்டது, நேர்கோடு தம்பி ஆட்சேபிக்கலாம், நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1960இல் வந்த பாதை தெரியுது பார் படத்துக்கு இசை அவர். அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் மறக்கவில்லை, ஆனால் தமிழில் அவருக்கு அதற்குப் பிறகு வந்த படங்கள் குறைவு. மலையாளத்தில் கொண்டாடினார்கள். சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றை வளர்த்தார். 1988இல் லட்சத்தீவில் இறந்தார், அப்போதும் சேர்ந்திசை சொல்லிக் கொடுக்கத்தான் போயிருந்தார். எல்லாவற்றையும்விட நான் அவரை மதிப்பது ஒரு காரணத்துக்காக. பாட்டுப் பதிவில் வயலினும் தபேலாவும் வாசிக்கிற தொழிலாளிக்குச் சங்கம் வேண்டும், கூலி ஒழுங்காக வேண்டும் என்று முன்னால் நின்று அந்தச் சங்கத்தைக் கட்டினவர் அவர். தம்பி நோட்டீஸில் பேர் இல்லை என்று எழுதினாரே, அதைப் படித்ததும் எனக்கு எம்.பி.எஸ் ஞாபகம் வந்தது.

நேர்கோடு | ஞாயிறு, இரவு 10.45

ஐயா, 1925 பற்றி ஆட்சேபணை இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இழையின் அடிப்படை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மக்களுக்குப் பிடித்தது பரவும், பிடிக்காதது பரவாது. எட்டு மணி நேரம் நடக்கிற கூத்தை ஒருவர் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்க முடியாது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. அந்த முகவீணைக்காரர் நன்றாக வாசித்தார் என்று நம்புகிறேன், ஆனால் "தகுதி இருக்கிறது, உலகம் தரவில்லை" என்று சொல்வது கேட்பவர்கள்மேல் குற்றம் சொல்வதாகிவிடாதா? கேட்பதற்கு வழியே இல்லாதபோது கேட்கவில்லை என்று யாரைக் குறை சொல்வது?

ஆரணிநூல் | திங்கள், அதிகாலை 5.50

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எங்கள் அப்பா கூத்தில் ஆர்மோனியம். முப்பது வருஷத்துக்கு மேல் மூன்று ஜமாவில் (கூத்துக் குழுவில்) வாசித்திருக்கிறார். இப்போது முதுகு வலியால் குறைத்துக்கொண்டார்.

ஆர்மோனியக்காரர் பெட்டி அழுத்துகிறவர் என்று நினைப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் காலை ஆறு மணி. எந்த வேஷக்காரருக்கு இன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, யாருக்கு அரைக் கட்டை இறக்க வேண்டும், யார் வரியை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார், எல்லாம் அவர் கண்ணில் இருக்க வேண்டும். மறந்தவருக்கு அடி எடுத்துக் கொடுப்பதும், பின்பாட்டுப் பாடுவதும் அவர்தான். களரியில் வேஷக்காரர் கிறுக்கி அடிக்கும்போது, அதாவது சுற்றிச் சுழன்று ஆடும்போது, கைதட்டல் அவருக்கு. அதில் அப்பாவுக்கு வருத்தம் இருந்து நான் பார்த்ததில்லை.

நேர்கோடு அண்ணா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. அப்பாவுக்கு நாற்பது ஊரில் ஆள் தெரியும். எந்த ஊரில் இறங்கினாலும் "வாங்க" என்று கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். அவர் புகழுக்கு ஏங்கினவர் இல்லை. பங்குனியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் கூத்து இருக்கும். மிச்ச மாதங்களில் நெல் அறுப்பு, தறி, செங்கல் சூளை. சூளையில் விரல் வெந்து, பத்து நாள் கழித்துப் பெட்டி தொட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு வேண்டியிருந்தது டிவி இல்லை. அந்த ஏழு மாதத்துக்கும் வாசிக்கிற வேலைதான் வேண்டியிருந்தது.

பேர் தெரியாததில் நட்டம் எங்கே வருகிறது என்றால், விசேஷம் வைக்கிறவர் ஜமாவைக் கூப்பிடுவார், தனியாக "அந்த ஆர்மோனியக்காரரை வரச் சொல்லுங்கள்" என்று கேட்க அவருக்கு ஒரு பேர் இல்லை. வாத்தியாருக்குப் பேர் இருக்கிறது, அவர் தொகை பேசுவார். வாசிக்கிறவர் கொடுத்ததை வாங்கிக்கொள்வார்.

முகவீணை பற்றி: ரெண்டு சீவாளி (வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு) இடுப்பில் சொருகி வைத்திருப்பார்கள், ஒன்று வாயில். நாகஸ்வரத்துக்குத் தங்கச்சி மாதிரி சின்னது, ஆனால் சத்தம் கூர்மை. மைக் இல்லாத காலத்தில் திறந்த வெளியில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிச் செய்த வாத்தியம். ராத்திரி முழுக்க ஊதக் கன்னமும் நெஞ்சும் வேண்டும். கற்றுக்கொள்ள ஆள் வரவில்லை. அப்பா இருந்த கடைசி ஜமாவில் முகவீணைக்காரர் காலமான பிறகு மூன்று வருஷம் ஆள் இல்லாமலே ஆடினார்கள். இப்போது அங்கே கீபோர்டு.

பாலாற்றுமணல் அண்ணா, எந்த ஜமா என்று சொன்னால் அப்பாவிடம் கேட்கிறேன். முகவீணை வாசிக்கிறவர்கள் இப்போது இருப்பதே கொஞ்சம் பேர், அவருக்கு எல்லாரையும் தெரிந்திருக்கும்.

பாலாற்றுமணல் | திங்கள், காலை 7.30

தம்பி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஜமா பேரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

வெங்கலப்பம்பை | திங்கள், பகல் 1.15

குடியாத்தத்திலிருந்து. கூத்துக்காரர்களைச் சொன்னீர்கள், பம்பைக்காரர்களை யாரும் சொல்லவில்லை.

வைகாசி 1ஆம் தேதி எங்கள் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டுக் கோபாலபுரம் வந்து உடலில் பொருத்துகிற வரைக்கும் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. புலிவேஷம், சிலம்பு, எல்லாம் உண்டு. அந்தக் கூட்டத்தில் பம்பை அடி விழுந்தால் நெஞ்சில் விழும். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்காக நின்றே அடிக்க வேண்டும். கூடவே உடுக்கை, கைச்சிலம்பு.

பம்பைக்காரர் தாளம் போடுகிறவர் மட்டும் இல்லை. பூங்கரகம் ஜோடிப்பது அவர் கை. அம்மனை வர்ணித்துப் பாடி வரவழைப்பது அவர் தொண்டை. படவேட்டு ரேணுகாம்பாளை ஒரு மாதிரி வர்ணிப்பார், அங்காளம்மனை வேறு மாதிரி. எந்த இடத்தில் அடியை நெருக்க வேண்டும், சாமி வந்தவர் தள்ளாடினால் எந்த இடத்தில் தணிக்க வேண்டும் என்பது எழுதி வைத்த பாடம் இல்லை. பாலாற்றில் மயானக் கொள்ளை அன்று நூறு பம்பைச் சத்தத்துக்கு நடுவில் எங்கள் மாமா தன் ஆசான் அடியைக் காதாலேயே கண்டுபிடித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவார்.

போன ஆடியில் எங்கள் தெருவில் கூழ் ஊற்றினோம். பம்பை செட் மூன்று பேருக்குக் கொடுத்தது, ஸ்பீக்கர் செட்டுக்குக் கொடுத்ததில் பாதி. கமிட்டியில் நானும் இருந்தேன், கணக்கில் கையெழுத்துப் போட்டேன். அப்போது உறைக்கவில்லை. இந்த இழையைப் படித்துவிட்டு நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

கோட்டைமதில் | திங்கள், மாலை 5.00

வெங்கலப்பம்பை, ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். 2025 பத்மஸ்ரீ பட்டியலில் புரிசை கண்ணப்ப சம்பந்தன் பேர் இருந்தது, தெருக்கூத்துக்காக. செய்யாறு பக்கத்துப் புரிசை, 1989 வரை வட ஆற்காடு. அப்பா கண்ணப்ப தம்பிரான் காலத்திலேயே சென்னை நாடகக்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போன இடம். அதே பட்டியலில் பறைக்கு வேலு ஆசானும் இருந்தார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை, நாலு பேருக்குப் போன் பண்ணினேன்.

ஆரணிநூல் | திங்கள், இரவு 8.40

அப்பாவும் அன்றைக்கு அழுதார், அண்ணா. சந்தோஷத்தில்தான்.

மாவட்டக் கலை மன்றத்திலும் வருஷா வருஷம் கலை நன்மணி, கலை முதுமணி என்று கொடுக்கிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை அப்பாவிடம் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த வாசிக்கிறவர்களில் சிலர் அட்டைகூட எடுக்கவில்லை, ஃபாரம் நிரப்ப ஆள் இல்லை என்பதுதான் காரணம். இங்கே யாருக்காவது பக்கத்து ஊரில் பம்பை, மேளம், முகவீணை வாசிக்கிறவர் தெரிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நிரப்பிக் கொடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனால் வேலை சுலபம்.

வக்கீல்குமாஸ்தா | செவ்வாய், காலை 9.25

சத்துவாச்சாரியில் ஒரு வக்கீலிடம் வேலை செய்கிறேன். ஒரு விஷயம் யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

இப்போது கூத்து நடக்கிற இடமெல்லாம் ஸ்டாண்டு போட்டு வீடியோ எடுத்து, முழு ராத்திரியையும் யூடியூபில் போடுகிறார்கள். நல்லது, வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஆனால் விளம்பரம் ஓடுகிறது, பணம் வருகிறது. வாசித்தவர் பேர் கீழே எழுதுவது கிடையாது.

1957 பதிப்புரிமைச் சட்டத்தில் "நிகழ்த்துகிறவர்" என்று ஒரு விளக்கம் இருக்கிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் என்று தொடங்கிக் கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, சொற்பொழிவு செய்கிறவர் வரைக்கும் பட்டியல் போகிறது. முகவீணைக்காரரும் பம்பைக்காரரும் தாராளமாக அதற்குள் வருகிறார்கள். அவர்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் பரப்பவும் உரிமை அவர்களுடையது, 50 வருஷத்துக்கு. 2012 திருத்தத்தில் 38ஆ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். இந்த நிகழ்ச்சியை நடத்தியவர் நான்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை, வாசித்ததை வெட்டி ஒட்டிப் பேரைக் கெடுத்தால் தடுக்கும் உரிமை, இரண்டும் அதில் இருக்கின்றன. அதாவது பேர் போடச் சொல்லிக் கேட்பது தயவு கேட்பது இல்லை.

வழக்குப் போடச் சொல்லவில்லை. வீடியோ எடுக்க வருகிற தம்பிகளிடம் ஆரம்பத்திலேயே வெற்றிலைபாக்குக் கொடுக்கும்போது சொல்லிவிடலாம்: வாசிக்கிற ஐந்து பேர் பேரும் கீழே வர வேண்டும், ஊரும் வர வேண்டும் என்று. பெரும்பாலும் போடுவார்கள். கேட்கவில்லை, அதனால் போடவில்லை, அவ்வளவுதான்.

நேர்கோடு | செவ்வாய், இரவு 10.10

ஆரணிநூல் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் புகழையும் பேரையும் ஒன்றாக்கிக் குழப்பிவிட்டேன். மக்களுக்குப் பிடித்திருக்கிறது, நாற்பது ஊருக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்தது யாருடையது என்று சொல்ல வழி இல்லை. இது கேட்பவர் ரசனையைப் பற்றிய பேச்சு இல்லை என்பது இப்போது புரிகிறது.

"கேட்க வழி இல்லை" என்று நான் சொன்னதற்கு மட்டும் ஒன்று சேர்க்கிறேன், ஒலிப்பதிவில் கொஞ்சம் அனுபவம் உண்டு. யூடியூபில் நாலு கூத்து வீடியோ போட்டுப் பார்த்தேன். முகவீணை காதைக் குத்துகிறது. வாசித்தவர் குற்றம் இல்லை. போனை ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே வைத்து எடுத்திருக்கிறார்கள். போன் மைக் தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், மத்தளம் விழும்போதெல்லாம் முகவீணையை அமுக்கி, அடி ஓய்ந்ததும் தூக்கிவிடும். பாலாற்றுமணல் கேட்ட அந்த இரண்டு நிமிஷத்தைப் போனில் கேட்டால் ஒன்றும் இருக்காது. நல்ல மைக்கோடு ஒரு சின்ன ரெக்கார்டரை வாசிக்கிறவர்கள் பக்கம் ஐந்தாறு அடி தள்ளி, ஸ்பீக்கருக்குப் பின்னால் வைத்தால் போதும். அதைவிட நல்லது, சாயங்காலம் வேஷம் கட்டுகிற நேரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார வைத்துத் தனியாக அரை மணி நேரம் எடுப்பது. என்னிடம் ரெக்கார்டர் இருக்கிறது. எங்கே வர வேண்டும் என்று சொல்லுங்கள், வருகிறேன்.

தம்புராச்சுருதி | புதன், காலை 6.40

நேர்கோடு அண்ணா, நானும் வரலாமா? பொன்னுருவிக் கட்டத்தில் வாசித்தது என்ன ராகச் சாயல் என்று தெரிந்துகொள்ள ஆசை. கூத்து ராகங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பேரே வேறாக இருக்கும், அதையும் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாலாஜாவில் ஒருவர் அப்படி உட்கார்ந்து எழுதினதால்தான் இன்றைக்கு எங்களுக்குப் பாட இருக்கிறது.

பழையஜில்லா | புதன், காலை 8.00

போங்கள் அம்மா. அவசியம் போங்கள். நோட்டு நல்ல தாளில் வாங்குங்கள்.

வெங்கலப்பம்பை | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

ஆடிக் கூழுக்குக் கமிட்டிக் கூட்டம் இன்றைக்கு நடந்தது. பம்பைக்காரர்கள் பேரை நோட்டீஸில் போட வேண்டும் என்றேன். இடம் இல்லை என்றார் தலைவர். போன வருஷ நோட்டீஸை விரித்து வைத்து அளந்து பார்த்தோம், வாழ்த்துகிறோம் என்று போட்டிருந்த படங்களைக் கொஞ்சம் சுருக்கினால் கீழே இரண்டு வரி கிடைக்கிறது. முதலில் என் படத்தை எடுக்கச் சொன்னேன். அப்புறம் இன்னும் இரண்டு பேர் தங்கள் படத்தையும் எடுக்கச் சொன்னார்கள். தொகை விஷயத்திலும் பேசினோம், ஸ்பீக்கர் செட் அளவுக்கு வரவில்லை, முன்பைவிட நன்றாகவே ஏறியிருக்கிறது.

ஆசானுக்குப் போன் பண்ணி, பேர் எப்படிப் போடுவது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார், "நோட்டீஸ் ஒரு பத்து எடுத்து வைப்பியா? பொண்ணுக்குக் கொடுக்கணும்."

ஆரணிநூல் | அதே ஞாயிறு, இரவு 10.05

பாலாற்றுமணல் அண்ணா, ஆள் கிடைத்துவிட்டார். டீக்கடையில் சொன்ன இரண்டு பேரும் சொன்னது சரிதான், பிறந்தது வந்தவாசிப் பக்கம், வாக்கப்பட்ட ஊர் மாதிரி இருப்பது செய்யாறு பக்கம். அப்பாவோடு எட்டு வருஷம் ஒரே ஜமாவில் இருந்தவர். அப்பா போனில் பேசினார், இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள், பாதி நேரம் பாட்டுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆட்டம் இல்லை, வீட்டுக்கு வரச் சொல்கிறார். நேர்கோடு அண்ணாவின் ரெக்கார்டரைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். புது சீவாளி போட்டு வைக்கிறேன் என்றாராம்.

பாலாற்றுமணல் | அதே ஞாயிறு, இரவு 10.20

காட்பாடியிலிருந்து வண்டி எடுக்கிறேன், நாலு பேர் உட்காரலாம். தம்புராச்சுருதி அக்காவை ராணிப்பேட்டையில் ஏற்றிக்கொண்டு ஆற்காடு வழியாகப் போய்விடலாம், காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். ஆரணிநூல் தம்பி, அப்பாவால் உட்கார்ந்து வர முடியும் என்றால் முன் சீட் அவருக்கு. ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் இடம் இருக்கிறது.

அவர் பேரை இப்போதே இங்கே எழுத மாட்டேன். இனிஷியல் எது, ஊர்ப் பேர் முன்னால் வர வேண்டுமா, எந்த ஊர் என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்கிறபடி அடுத்த வாரம் போடுகிறேன்.